லைகோ (மதுரை)

லயன்ஸ் அரவிந்த் சமுதாயக் கண் மருத்துவ நிறுவனம், சுருக்கமாக லைகோ, கண் மருத்துவமனைகளின் நிர்வாகத்தைக் கற்பிக்கும் பயிற்சி, ஆலோசனை மையம். அரவிந்த் கண் மருத்துவமனையின் அங்கமாக 1992இல் மதுரையில் தொடங்கப்பட்டது. பன்னாட்டு லயன்ஸ் சங்கமும் சேவா அறக்கட்டளையும் இதற்குத் துணைநின்றன.

பின்னணி: அரவிந்தின் நிறுவனர் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பின், 1976இல் 11 படுக்கைகளுடன் அதைத் தொடங்கினார். கை தேர்ந்த அறுவை மருத்துவருக்கும் தலைமைப் பொறுப்பு வந்ததும் ஆள் நியமனம், செலவுக் கணக்கு, கட்டண நிர்ணயம் ஆகியவை புதியவை. மருத்துவப் படிப்பில் இவற்றுக்கு இடம் குறைவு. அந்தக் குறையை நிரப்புவதே லைகோவின் வேலை.

பயிற்சி முறை: லைகோ குழு முதலில் மருத்துவமனைக்கே சென்று நிலவரத்தை அறிகிறது. பிறகு தலைமை மருத்துவர், நிர்வாகி, செவிலியர் தலைவர் ஆகியோர் ஒரே அணியாக மதுரைக்கு வருகின்றனர். அங்கே அரவிந்தின் அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் கண்புரை அறுவை நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளியைச் செவிலியர் தயார்செய்துவிடுவார். இதை நேரில் பார்த்தபின், அணியினர் தங்கள் மருத்துவமனைக்கான திட்டத்தைத் தாங்களே எழுதுகின்றனர். அது நடைமுறைக்கு வருகிறதா என்று லைகோ தொடர்ந்து கவனிக்கிறது.

பரவல்: ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் மருத்துவமனைகளும் இங்கே பயிற்சி பெற்றுள்ளன.