புளோசால்வர்

இந்தியாவில் உருவான முதல் இணைநிலைக் கணினி, அதாவது ஒரே கணக்கைப் பல சில்லுகள் ஒரே வேளையில் பகிர்ந்து செய்யும் பொறி. பெங்களூரு தேசிய வானூர்தி ஆய்வகத்தில் 1986-இல் பணி தொடங்கி, அவ்வாண்டு முடிவதற்குள் இயங்கவும் செய்தது. ஆய்வகத்தின் அப்போதைய இயக்குநர் ரொத்தம் நரசிம்மா இதற்கு ஊக்கம் தந்தார், யு. என். சின்ஹா தலைமையிலான குழு உருவாக்கியது.

விமானத்தைச் சுற்றி ஓடும் காற்றைக் கணக்கிடுவதே முதல் நோக்கம். முதல் பொறியில் இருந்தவை இன்டெல் 8086 சில்லுகள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் துணையாக 8087 கணிதச் சில்லு. அன்று மேசைக் கணினிகளில் இருந்த சாதாரணச் சில்லுகள்தாம் இவை. ஓரிடத்துக் காற்றை முதலில் பாதிப்பது அதை அடுத்துள்ள காற்றே. ஆகவே பரப்பை நான்காகப் பிரித்துச் சில்லுக்கொரு பங்கு கொடுத்து, எல்லையோர எண்களை மட்டும் பரிமாறிக்கொள்ளச் செய்தால் போதும். இந்த வழி செல்லுபடியாகும் என்று மெய்ப்பித்ததுதான் அந்தச் சோதனைப் பொறியின் பெருமை. புனேயின் சி-டாக் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட பரம் 8000 மீக்கணினிக்கு இது ஐந்தாண்டு மூத்தது.

வானிலைக் கணிப்பு விமானக் காற்றோட்டக் கணக்கைவிடக் கடினம். அந்நாளைய உலக வானிலை மாதிரிகளில் எல்லாச் சில்லுகளின் விடைகளையும் அடிக்கடி கூட்டியாக வேண்டும். அங்கேதான் நேரம் விரயமாகும். எண்கள் கடந்து செல்லும்போதே அவற்றைக் கூட்டித் தரும் ‘புளோசுவிட்ச்’ என்ற இணைப்பியைக் குழு பின்னர் வடிவமைத்தது. என் கணிப்பில், இத்திட்டத்தின் மிகச் சிறந்த பொறியியல் சாதனை இதுவே.

இத்தகைய கணிப்பு தென் தமிழகத்துக்கு எவ்வளவு தேவை என்பதை 2023 டிசம்பர் காட்டியது. 18-ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 செ.மீ. மழை கொட்டியது, தாமிரபரணி கரை புரண்டது. பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை இந்த ஆற்றின் நீளம் சுமார் 125 கி.மீ. 12 கி.மீ. கட்டங்கள் கொண்ட மாதிரியில் அது சுமார் பத்துக் கட்டங்களில் அடங்கிவிடும். மழை அடர்ந்த ஊத்து, நாலுமுக்கு மலைத்தோட்டங்களையும் அடிவாரத்து வயல்களையும் பிரித்தறிய அது போதாது. கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும். கால இடைவெளியையும் பாதியாக்க வேண்டியிருப்பதால் வேலை எட்டு மடங்காகும். புனேயில் 2024-இல் நிறுவப்பட்ட ‘அர்கா’ மீக்கணினியில் அந்த வேலை நடக்கிறது. 6 கி.மீ. கட்டங்கள் கொண்ட பாரத் முன்னறிவிப்பு முறை 2025 மே மாதம் செயல்பாட்டுக்கு வந்தது.