தாத்தாவோட தோப்பு வண்டி ஸ்டார்ட் ஆகலையா? கார்புரேட்டரைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மலையடிவாரத்துல தோப்பு வெச்சிருக்கிற வீடுகள்ல, ஓரமா ஒரு பழைய டிவிஎஸ் 50 நிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. மாங்கூடை, தேங்காய் மூட்டை, உரச்சாக்கு, பால்கோவா கடைக்குப் போற பால் கேன்னு எல்லாத்தையும் சுமந்த வண்டி. தாத்தா இருந்தவரை தினமும் ஓடும். அவருக்கு அப்புறம் ரெண்டு மழைக்காலம் சும்மா நின்னிருக்கும். இப்போ பேரன் வந்து பெடலை மிதிச்சா, 'டுர்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான்.

'இன்ஜின் போச்சு, எடைக்குப் போட்டுடலாம்'னு உடனே முடிவெடுக்காதீங்க. ரொம்ப நாள் நின்ன வண்டியில முதல்ல சந்தேகப்பட வேண்டியது கார்புரேட்டரைத்தான். அங்கே பெரும்பாலும் பிரச்னை அழுக்குதான், தேய்மானம் இல்லை. ஆனா, அவசரப்பட்டுத் தப்பா கை வெச்சா நல்லா இருக்கிற இன்ஜினும் நிஜமாவே போயிடும்.

எந்த வண்டியில கார்புரேட்டர் இருக்கும்?

வெளிநாட்டு வீடியோக்கள்ல பழைய கார்டன் டிராக்டரோட கார்புரேட்டரைக் கழற்றுவாங்க. அதைப் பார்த்துட்டு நம்ம வீட்டு டிராக்டர்ல தேட வேண்டாம். அமெரிக்காவுல புல்வெளிக்குப் பயன்படுத்துற சின்ன டிராக்டர்கள் பல பெட்ரோல்ல ஓடுறவை. நம்ம ஊர் உழவு டிராக்டர் டீசல். அதுல இன்ஜெக்டர்தான், கார்புரேட்டர் கிடையாது.

நம்ம தோப்புல கார்புரேட்டர் இருக்கிறது மொபெட்லயும், பெட்ரோல்ல ஓடுற களை எடுக்கும் இயந்திரம், பம்ப்செட் மாதிரியான சின்ன இன்ஜின்கள்லயும்தான். டிவிஎஸ் 50 வந்தது 1980-ல். ரெண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட். அதோட வாரிசான எக்ஸ்எல் 100 நாலு ஸ்ட்ரோக் இன்ஜினோட 2015-ல் வந்தது. 2020-ல் பிஎஸ்-6 விதி வந்ததும் அதுவும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிடுச்சு. அதனால, கீழே சொல்றது எல்லாம் அதுக்கு முந்தைய வண்டிகளுக்கு.

அது என்னதான் பண்ணுது?

கொசு மருந்து அடிக்கிற பழைய கை பம்ப் ஞாபகம் இருக்கா? பம்ப்பை அழுத்தினா காத்து வேகமா ஒரு குழாயோட வாய் மேல போகும். அங்கே அழுத்தம் குறையும். கீழே டப்பாவுல இருக்கிற மருந்து மேலே ஏறிப் பொடிப்பொடியா தெறிக்கும். கார்புரேட்டரும் அதே வேலையைத்தான் செய்யுது. இன்ஜின் இழுக்கிற காத்து ஒரு குறுகலான பாதையில வேகமா போகும்போது, கிண்ணத்துல இருக்கிற பெட்ரோலை ஜெட் வழியா மேலே இழுக்கும். 1893-லயே ஹங்கேரியைச் சேர்ந்த பாங்கி, சோங்கான்னு ரெண்டு பொறியாளர்கள் இப்படி ஒரு கார்புரேட்டருக்குக் காப்புரிமை வாங்கிட்டாங்க. இத்தனை வருஷமாகியும் அடிப்படை மாறலை.

ஜெட்டோட ஓட்டை, ஊசி முனை மாதிரி சின்னது. வண்டி மாசக்கணக்கில நிக்கும்போது கிண்ணத்துல இருக்கிற பெட்ரோல் ஆவியாகி, அடியில பிசின் மாதிரி ஒரு படிவம் தங்கும். அது ஜெட்டை அடைச்சா வண்டி படுத்துடும்.

இப்போ இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கு. பங்க்ல கிடைக்கிறது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில நின்ன வண்டின்னா டேங்க் அடியில தண்ணி சேர்ந்திருக்கலாம். பழைய ரப்பர் ட்யூப், வாஷர் எல்லாம் எத்தனாலை மனசுல வெச்சு செஞ்சவை இல்லை. அதனால உப்பலாம், வெடிக்கலாம்.

கழற்றுறதுக்கு முன்னாடி 5 செக்

1. பழைய பெட்ரோலை முழுசா வடிங்க. அதை ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு அசையாம வைங்க. அடியில தனி அடுக்கா ஏதாவது நின்னா, அது தண்ணி.

2. புது பெட்ரோல் ஊத்தி, டேப்பைத் திறந்து, ட்யூப்ல தாராளமா வருதான்னு பாருங்க. சொட்டுச் சொட்டா வந்தா அடைப்பு டேப்லயோ டேங்க்லயோதான்.

3. டேங்க் மூடியில ஒரு சின்ன காத்து ஓட்டை இருக்கும். அது அடைச்சிருந்தா வண்டி கொஞ்ச தூரம் ஓடி நின்னுடும். மூடியைத் தளர்த்தினதும் ஓடுச்சுன்னா, சிக்கல் அங்கேதான்.

4. ஏர் ஃபில்டரைப் பாருங்க. குளவி கூடு கட்டியிருந்தாலும் ஆச்சர்யம் இல்லை.

5. ப்ளக்கைக் கழற்றிப் பாருங்க. காபி நிறம் நல்லது. கறுப்பா, ஈரமா இருந்தா பெட்ரோல் அதிகம். வெள்ளையா வெளுத்திருந்தா பெட்ரோல் குறைவு. ஸ்பார்க்கே வரலைன்னா கார்புரேட்டரைத் தொட வேண்டாம், எலெக்ட்ரிக்கல் பக்கம் போங்க.

வண்டி சொல்ற அறிகுறி

சோக் போட்டா ஓடுது, எடுத்தா நிக்குது: ஜெட் அடைப்பு, இல்லைன்னா கார்புரேட்டர் இன்ஜினோட சேருற இடத்துல காத்து கசியுது.

பெட்ரோல் ஓவர்ஃப்ளோ ஆகுது: ஃப்ளோட் ஊசியில தூசி அல்லது தேய்மானம். ஃப்ளோட் ஓட்டையாகியும் இருக்கலாம்.

ஸ்டார்ட் ஆகுது, ஆனா இழுவை இல்லை: மெயின் ஜெட், ஏர் ஃபில்டர் ரெண்டையும் பாருங்க. ரெண்டும் சரின்னா சைலன்சரைப் பாருங்க. டூ ஸ்ட்ரோக் வண்டியில ஆயில் எரிஞ்ச கரி உள்ளே அடைச்சுக்கும். பல பேர் இதை விட்டுட்டு கார்புரேட்டரையே திரும்பத் திரும்பக் கழற்றுவாங்க.

சுத்தம் பண்றது எப்படி?

இன்ஜின் ஆறியிருக்கணும். திறந்தவெளியில உட்காருங்க. பக்கத்துல சிகரெட், விளக்கு, அடுப்பு எதுவும் கூடாது. டேப்பை மூடிட்டு, ட்யூபைக் கழற்றுங்க. ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் முன்னாடி மொபைல்ல ஒரு போட்டோ எடுங்க. கழற்றினதை ஒரு வெள்ளைத் துணியில வரிசையா வைங்க. திரும்ப மாட்டும்போது இதுதான் உங்க மெக்கானிக்.

கிண்ணத்தைக் கழற்றினதும் ஃப்ளோட்டை எடுத்துக் காது பக்கத்துல ஆட்டுங்க. உள்ளே பெட்ரோல் தளும்புற சத்தம் கேட்டா அது ஓட்டை, மாத்தணும். ஊசியோட முனையில வளையமா தடம் விழுந்திருந்தா அதையும் மாத்தணும். ஜெட் பித்தளை, அதனால சரியா பொருந்துற ஸ்க்ரூ டிரைவரால மட்டும் திருப்புங்க. கழற்றினதும் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. ஓட்டை வட்டமா, தெளிவா தெரியணும்.

அடைச்சிருந்தா கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயில ஊறவிட்டு, காத்தடிச்சு ஊதுங்க. பஞ்சர் கடை கம்ப்ரஸர் போதும். ஊக்கு, கம்பி, குண்டூசி விட்டுக் குத்தவே கூடாது. பித்தளை லேசுல தேஞ்சு ஓட்டை பெருசானா, பெட்ரோல் அளவே மாறிடும். தேவைன்னா மெல்லிய தூண்டில் நரம்பு பயன்படுத்தலாம். ஸ்ப்ரே அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கோங்க. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களை அதுல ஊறவைக்காதீங்க.

உங்க மாடல்ல ஏர் ஸ்க்ரூ இருந்தா, கழற்றுறதுக்கு முன்னாடி மெதுவா உள்ளே திருப்பி, எத்தனை சுத்துல முட்டுதுன்னு எண்ணி எழுதி வைங்க. மாட்டும்போது அதே கணக்கு. முட்டினதுக்கு மேல இறுக்காதீங்க.

மாட்டும்போது கேஸ்கெட், பெட்ரோல் ட்யூப் ரெண்டையும் புதுசா போடுங்க. ரெண்டுமே பெரிய செலவில்லை. ஆக்ஸிலேட்டர் கேபிளோட வர்ற ஸ்லைடு, அதோட காடியில சரியா உட்காரணும். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, ஆக்ஸிலேட்டரைத் திருகி விட்டா 'டக்'னு திரும்புதான்னு பாருங்க. திரும்பலைன்னா ஸ்டார்ட் பண்ண வேண்டாம்.

இதுல மட்டும் அலட்சியம் கூடாது

பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட்ல 2டி ஆயில் பெட்ரோலோட கலந்துதான் இன்ஜினுக்குப் போகும். தனியா ஆயில் கிடையாது. அதாவது ஜெட் பாதி அடைச்சா பெட்ரோல் மட்டும் குறையலை, பிஸ்டனுக்கு ஆயிலும் குறையுது. சூடும் ஏறும். அப்படியே ஓட்டிட்டுப் போனா, பிஸ்டன் சிலிண்டர்ல பிடிச்சு இன்ஜின் சீஸ் ஆயிடும். அதனால, 'பாதி சோக்ல நல்லாத்தானே ஓடுது'ன்னு மூட்டையை ஏத்திட்டுக் கிளம்பாதீங்க.

ஆயில் அளவும் முக்கியம். லிட்டருக்கு 20 மில்லின்னா 50-க்கு 1. 40 மில்லின்னா 25-க்கு 1. உங்க மாடலுக்கு எதுன்னு மேனுவல்லயோ, அந்த வண்டியைப் பழக்கப்பட்ட மெக்கானிக்கிட்டயோ கேட்டுட்டு ஊத்துங்க.

ஊசி, ஜெட் எல்லாம் மாத்தியும் ஓவர்ஃப்ளோ நிக்கலைன்னா, இல்லை ஸ்லைடு உள்ளே ஆடுற அளவுக்குத் தேஞ்சிருந்தா, அப்போதான் புது கார்புரேட்டர். வாங்கப் போகும்போது பழசைக் கையோட எடுத்துட்டுப் போங்க. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஜெட் அளவு மாறும். அதுல பொறிச்சிருக்கிற எண்ணைப் பார்த்து வாங்குங்க.

வண்டி ஓடுச்சு... அப்புறம்?

ரெண்டு மூணு வாரத்துக்கு மேல நிறுத்துறதா இருந்தா, டேப்பை மூடிட்டு வண்டி தானா நிக்கிற வரைக்கும் ஓடவிடுங்க. கிண்ணம் காலியாயிடும். அடுத்த தடவை பிசின் பிரச்னையே வராது.

ரோட்டுக்கு எடுக்கிறதுக்கு முன்னாடி ஆர்.சி-யைப் பாருங்க. தனியார் வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். உரிமையாளர் இறந்துட்டா 30 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ ஆபீஸுக்குத் தெரிவிக்கணும். 3 மாசத்துக்குள்ள படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கணும். காலம் கடந்திருந்தா, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோட நேர்ல போய்க் கேளுங்க. இன்ஷூரன்ஸும் உங்க பேர்ல இருக்கணும். தாத்தா பேர்லயே ஓட்டிட்டிருந்தா, ஒரு விபத்து நடந்தா க்ளெய்ம் சிக்கலாகும்.

மொத்தத்துல ஒரு ஞாயித்துக்கிழமை காலை, ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஸ்ப்ரே, ஒரு மீட்டர் ட்யூப். வண்டி ஓடுமா ஓடாதான்னு இவ்வளவும் பண்ணிப் பார்த்துட்டு முடிவெடுங்க. எடைக்குப் போடுறதை எப்போ வேணும்னாலும் போடலாம். போட்டதைத் திரும்ப வாங்க முடியாது.