வடக்கர் என்னும் பெயர்

நீலகிரியில் இத்தலார் முதலிய ஊர்களில் வாழும் படகர்தம் பெயருக்கும் நீரில் மிதக்கும் படகுக்கும் உறவேதுமில்லை. அது திசை குறித்த அடைமொழியிற் பிறந்தது. நம் ‘வேர்’ கன்னடத்தில் ‘பேரு’ என்றாவது போலவே, நம் ‘வட’ அங்கே ‘பட’ என்றாகும். ஆகவே படகர் என்றால் வடக்கர்.

சங்கப் புலவர்கள் வேங்கடத்துக்கு அப்பால் வாழ்ந்தோரை வடுகர் என்றனர். அவ்வடை வாழுமிடத்தைச் சுட்டிற்று. இவ்வடையோ வந்த வழியைச் சுட்டுகிறது. மைசூர்ச் சமவெளியிலிருந்து மலையேறியவர் இவர் முன்னோர் என்பது வழக்கு. 1603இல் ஃபினிசியோ பாதிரியார் இம்மலைக்கு வந்தபோதே படகர் இங்கே குடியிருந்தனர். நானூறு ஆண்டுகளுக்கு மேலாயின. இன்று இத்தலார்க்காரர் ஒருவரிடம் வடக்கு எதுவென வினவினால், மைசூர்ப் பக்கம் கைகாட்டுவார். அவர் பெயரோ இன்னும் வடக்கர்தான்!