நாணயம் பார்க்கிறவர்

மட்டக்களப்புப் பக்கத்துக் கோயில் ஒன்றின் திருவிழா நோட்டீசை எடுத்துப் பாருங்கள். மற்ற ஊர்களில் 'தர்மகர்த்தா சபை' என்று போடுகிற இடத்தில், கீழே 'வண்ணக்கர்மார்' என்று இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்தோ மலையகத்திலிருந்தோ கம்பஸுக்கு வந்த ஆக்கள் இதைக் கண்டால் முதலில் கேட்கிறது, "அது என்ன, பெயின்ட் அடிக்கிற ஆக்களா?" எண்டுதான்.

பகிடியை விடுவம். சொல் மிகப் பழையது. சங்கப் புலவர்களில் வடமவண்ணக்கன் தாமோதரனார், வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் என்று இருவர் இருக்கிறார்கள். இருவருக்கும் புறநானூற்றில் பாட்டு இருக்கு. அகராதியில் வண்ணக்கன் என்றால் நாணயம் பரிசோதிக்கிறவன். இந்தக் காசு செல்லும், இது செல்லாது என்று பார்த்துச் சொல்லுற தொழில். அந்தத் தொழில் எப்பவோ போய்விட்டது. பேர் மட்டும் வாவிக்கரையில் ஒரு பதவியாக இன்னும் உயிரோட இருக்கு. கோயிலின் உண்டியல், காணி, நகை, திருவிழாச் செலவு எல்லாத்துக்கும் பொறுப்பானவர் வண்ணக்கர். தமிழில் நாணயம் எண்டால் காசும்தான், நேர்மையும்தான். காசைப் பொறுப்பெடுக்கிற ஒருவருக்கு வைக்க இதைவிடப் பொருத்தமான பேர் இருக்குமா தெரியாது.

முகாமைத்துவம் படிக்கிற நண்பர்களுக்கு 'நிறுவன நடத்தை' எண்டு ஒரு பாடம் இருக்கு. ஒரு நிறுவனத்துக்குள்ள மனிசர் ஏன் இப்படி நடக்கிறாங்க, கலாசாரமும் ஒழுக்கமும் புதுத் தொழில்நுட்பமும் அதை எப்படி மாத்துது எண்டுறதுதான் பாடம். நோட்ஸில் வாற உதாரணம் எல்லாம் அமெரிக்கக் கம்பனி. நான் கலைப்பீடம், எனக்குக் கிட்ட இருக்கிற பழைய நிறுவனம் கோயில்தான். அதில இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்க்கிறதுதான் இந்தக் கட்டுரை.

வண்ணக்கர் தேர்தலில் வாறவர் இல்லை, குடியால வாறவர். மட்டக்களப்பில் உங்கட குடி உங்கட தாயின் குடி. அதனால் ஒரு வண்ணக்கருக்குப் பிறகு பதவி அவருடைய மகனுக்குப் போகாது. மகன் வேறு குடி, தன் தாயின் குடி. பதவி சகோதரியின் மகனுக்கு, அதாவது மருமகனுக்குப் போகும். வீ.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964), எஃப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' (1962) இரண்டையும் புரட்டினால் குடிப் பேச்சு வந்துகொண்டே இருக்கும். இது தமிழருக்கு மட்டும் உரியதும் இல்லை. அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கத்து முஸ்லிம் ஊர்களிலும் தாய்வழிக் குடி உண்டு. பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்காயர் இருந்தார். 1960களின் கடைசியில் அக்கரைப்பற்றுக்கு வந்து ஆய்வைத் தொடங்கிய டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் வந்த தன் நூலில் கோயிலையும் பள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். ஒரே ஏற்பாடு, இரண்டு மதம்.

இந்த ஏற்பாடு காசை எப்படிக் காத்தது? கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர், மண்டூர் முருகன், திருக்கோவில் சித்திரவேலாயுதர் மாதிரித் 'தேசத்துக் கோயில்' என்று சொல்லப்படுகிற பெரிய கோயில்களை எடுங்கள். அவை ஒரு ஊருக்குச் சொந்தமில்லை. சுற்றியுள்ள பல ஊர்களுக்கும் குடிகளுக்கும் அங்க பங்கு இருக்கு. திருவிழாவில் இன்ன நாள் இன்ன குடிக்கு, இன்ன ஊருக்கு எண்டு பிரிச்சிருக்கும். அந்த நாள் செலவு அவங்கட பொறுப்பு. மேளம் குறைஞ்சாலும் சோடனை குறைஞ்சாலும் வீதியில் நிற்கிற மற்றக் குடிக்காரருக்கு உடன விளங்கும். முடிவில் காளாஞ்சி கொடுக்கும்போது ஆருக்கு முதல், ஆருக்குப் பிறகு எண்டு வரிசை இருக்கு. வெற்றிலை பாக்குத்தானே எண்டு வெளியில் இருந்து பார்த்தால் நினைக்கலாம். அந்த வரிசை பிசகினால் திருவிழாவே நிற்கும்.

2014இல் மண்முனைப் பாலம் திறக்கிறவரைக்கும் அங்கால எழுவான்கரையில் இருந்து கொக்கட்டிச்சோலைத் தேருக்கு வாற சனத்தில் நிறையப் பேர் பாதையில் ஏறி வாவியைக் கடந்துதான் படுவான்கரைக்கு வந்தார்கள். (வெளியூர் ஆக்களுக்கு: இங்க பாதை எண்டால் றோட்டு இல்லை, வாகனமும் ஏத்துற மிதவைப் படகு.) அவ்வளவு கஷ்டப்பட்டு வாறது சாமி கும்பிட மட்டுமில்லை. தங்கட பங்கு சரியா நடக்குதா எண்டு பார்க்கவும்தான்.

அதனால் என் வாசிப்பு இது: வண்ணக்கரை நேர்மையாக வைத்தது அவருடைய பக்தி மட்டுமில்லை, எதிர்க் குடியின் கண். ஒருத்தரை ஒருத்தர் முழுசா நம்பாத பல குடிகள் ஒரே உண்டியலைச் சுற்றி நின்றதுதான் கணக்காய்வு. அப்ப வருமானம் முழுக்கக் காசாகவும் வரவில்லை, வயற்காணியில் இருந்து அவணக் கணக்கில் நெல்லாகவும் வந்தது. நெல்லுக் குவியலை ஒளிச்சு வைக்கிறதும் லேசு இல்லை.

இதைச் சொல்லிப்போட்டு 'எங்கட முன்னோர் எவ்வளவு கெட்டிக்காரர்' எண்டு நிறுத்திறது வசதி. எங்கட பக்கத்துக் கட்டுரைகள் பல அங்கதான் நிற்குது. ஆனால் அந்தக் கண் எல்லாருடைய கண்ணும் இல்லை. பழைய ஏடுகள் 'சிறை' என்று சொல்லுகிற ஊழியச் சாதிகள் பறை அடிச்சார்கள், வெள்ளை கட்டினார்கள், பந்தம் பிடிச்சார்கள். கோயில் நடந்ததே அவங்கட வேலையில்; கணக்குச் சொல்லுற இடத்தில் அவங்களுக்குப் பாய் போடவில்லை. அடுத்தது பெண்கள். குடி பெண்ணால வருது. வண்ணக்கர் பதவி ஒரு பெண்ணின் வயிற்று வழியாகத்தான் அடுத்த ஆளுக்குப் போகுது. ஆனால் மாமனிடம் இருந்து மருமகனுக்குப் போகும்போது நடுவில நிற்கிற சகோதரி அந்தக் கணக்குக் கொப்பியைத் தொட்டதில்லை. உரிமை அவவால கடந்து போகுது, அவவிடம் நிற்கிறதில்லை.

பிறகு சட்டம் வந்தது. கிறிஸ்தோபர் பிறிட்டோ முக்குவர் வழக்கத்தை 1876இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். அதே ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் சொத்தில் மருமகன் உரிமை இல்லாமல் போனது. எழுதி முடிக்கவும் அது சாகவும் சரியாக இருந்தது. காணியில் செத்த முறை, கோயில் பதவியில் மட்டும் ஒதுங்கி மிஞ்சியது. 1917இன் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் அந்தப் பதவியையும் தொட்டது. அதன் 102ஆம் பிரிவின்படி, ஒரு வழிபாட்டிடத்தில் அக்கறையுள்ள ஐந்து பேர் சேர்ந்தால் நிர்வாகம் சரியில்லை என்று நீதிமன்றத்துக்குப் போகலாம். நீதிமன்றம் பொறுப்பாளரை மாற்றலாம், கணக்குக் கேட்கலாம், நிர்வாகத் திட்டம் ஒன்றையே எழுதிக் கொடுக்கலாம். பள்ளிவாசல்களுக்கு 1956இல் வக்பு சட்டம் வந்தது.

கோயில் நிர்வாகத்தின் நடத்தை இதோட மாறியது. பற்றுச்சீட்டு, கூட்ட அறிக்கை, யாப்பு, 'செயலாளர்', 'பொருளாளர்' எல்லாம் வந்தன. வீதியில் நின்ற கண் நீதிமன்றத்துக்குள் போய் இருந்தது. அது நட்டம் மட்டும் எண்டு நான் சொல்ல மாட்டன். 'அக்கறையுள்ள ஐந்து பேர்' எண்ட சொல்லில் குடி இல்லை, சாதி இல்லை, ஆண் பெண் இல்லை. காகிதத்தில் எண்டாலும் முதல்முறையாக வாசல் கொஞ்சம் திறந்தது. ஆனால் உள்ள போக இங்கிலீசும், சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசும், வருசக் கணக்காக இழுபடுகிற வழக்கைத் தாங்கப் பொறுமையும் வேணும். 1999இல் மார்க் விற்றேக்கர் மண்டூர்க் கோயிலைப் பற்றி ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார். ஒரே கோயிலை அந்த ஊர் ஆக்கள் ஒரு மாதிரியும் அரசின் பாசை இன்னொரு மாதிரியும் எப்படிச் சொல்லுது எண்டுறதை அதில் வாசிக்கலாம்.

யுத்தக் காலத்தை இங்க விரிக்கப் போறதில்லை. ஆரும் ஆரிடமும் கணக்குக் கேட்க ஏலாத வருசங்கள் அவை.

அதுக்குப் பிறகு வந்ததைத்தான் சொல்லவேணும். கிழக்கில் 2007இலும் வடக்கில் 2009இலும் சண்டை முடிய, நுண்கடன் கம்பனிகள் ஊருக்குள் வந்தன. கோயில் ஒதுக்கி வைத்த பெண்களைத் தேடித்தான் அவை வந்தன. அதற்கு முதலும் பெண்களுக்கு ஒரு கணக்கு இருந்தது, சீட்டு. தாச்சி ஒருத்தி, அவவை நம்பிப் பத்துப் பதினைந்து பேர். அதிலும் காவல் அயலாரின் கண்தான். கம்பனிகள் அந்தக் கண்ணைக் கண்டுபிடிச்சு அதையே பிணையாக எடுத்தன. பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருத்திக்கு மற்றவ கையெழுத்து வைக்கவேணும். கிழமைக்கு ஒரு நாள் ஒரு வீட்டு முற்றத்தில் கூட்டம். ஒருத்தி கட்டாவிட்டால் எல்லாரும் எழும்பிப் போக ஏலாது. குடிகளின் கண் வண்ணக்கரை, பெரிய ஆளைப் பார்த்தது. இங்க அதே கண்ணை மேலே இருந்து எடுத்து, கடன்பட்டவளின் பக்கம் திருப்பிவிட்டார்கள். கம்பனியின் வட்டிக் கணக்கை அந்த முற்றத்தில் ஆரும் பார்க்கவில்லை. கலாசாரத்தை ஒரு நிறுவனம் எப்படிப் பாவிக்கலாம் எண்டதுக்கு அமெரிக்க உதாரணம் தேடவேண்டியதில்லை.

2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. அந்த வருசம் செப்டெம்பரில் வந்த ஐ.நா. நிபுணர் ஜுவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, கடன் அறவிட வருகிறவர்கள் பெண்களுக்குக் கொடுக்கிற தொந்தரவைப் பதிவு செய்தார். 2021 மார்ச் 8இல் ஹிங்குராக்கொடையில் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள், 50 நாளுக்கு மேல. இப்ப கூட்டம் கூடத் தேவையில்லை, செயலிக் கடன் வந்திட்டுது. அது போனுக்குள் இறங்கின உடன உங்கட தொடர்புப் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்கும். முற்றத்தில் பத்துப் பேருக்கு முன்னால பட்ட வெட்கம், இனிப் போனில் இருக்கிற முந்நூறு பேருக்கு முன்னால.

கோயிலுக்குள்ளும் போன் வந்தது. 2020க்குப் பிறகு மத்திய வங்கி லங்கா கியூஆரை நாடு முழுக்கப் பரப்பினது. உண்டியலுக்குப் பக்கத்தில் அந்தக் கறுப்புக் கட்டம் ஒட்டியிருக்கிறதை இப்ப காணலாம். சூரிச்சிலும் லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கிற பிள்ளைகள் தேரை யூரியூப்பில் நேரலையாகப் பார்க்கிறார்கள். காசு வங்கிக்கு வருது, வட்ஸ்அப் குறூப்பில் ஸ்கிரீன்சொட் விழுது. "கணக்கு எங்க?" எண்டு வண்ணக்கரை நேர கேட்கத் துணியாத பெடியன் குறூப்பில் கேட்கிறான். வீதியில் நின்ற கண் இப்ப திரையில் நிற்குது, அதுவும் கடல் தாண்டி. இதை நான் நல்லதாகத்தான் பார்க்கிறன். ஒரு வித்தியாசம் மட்டும் உறுத்துது. பாதையில் ஏறி வந்த ஆள் சோடனையையும் பார்த்தார், பந்தம் பிடிக்கிறவரின் கூலியையும் பார்த்தார், ஆர் சாப்பிடாமல் போனாங்க எண்டதையும் பார்த்தார். ஸ்கிரீன்சொட்டில் வரவு மட்டும்தான் தெரியும். கூடக் காசு அனுப்புகிறவரின் குரல் குறூப்பில் கூட நேரம் கேட்கவும் செய்யுது. குடிகள் ஒண்டை ஒண்டு சமன் செய்த இடத்தில், இப்ப யூரோவும் பவுணும்.

எனக்குத் தெரிந்த ஒரு சின்னக் கோயில். பேர் வேண்டாம். வண்ணக்கருக்கு வயசு போய்விட்டது, கண்ணும் மங்கல். கணக்கு எல்லாத்தையும் எக்செல்லில் போடுறது அவருடைய சகோதரியின் மகள், கணக்கியல் படிச்ச பிள்ளை. வரவு செலவைப் பொருத்தி, கியூஆரில் வந்த காசைப் பேர் பேராகப் பிரிச்சு, திருவிழா முடிஞ்சு மூன்றாம் நாள் பி.டி.எஃப். ஆக்கி மாமாவின் போனுக்கு அனுப்புவா. மாமா அதைக் குறூப்பில் போடுவார். "வண்ணக்கர் ஐயா, தெளிவான கணக்கு" எண்டு கைகூப்பிய படங்கள் வரிசையாக விழும். அவ அந்தக் குறூப்பில் இல்லை. அடுத்த வண்ணக்கர் அவவுட தம்பி. கட்டாரில் வேலை. அவர் குறூப்பில் இருக்கிறார்.