நேர்முகத்துக்குப் பிந்திய காத்திருப்பு: அமெரிக்க நிரந்தர வதிவுரிமையும் திருகோணமலை மாவட்டமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிரந்தரமாக வாழும் உரிமையைக் கோரியவர், குடிவரவு நேர்முகம் முடிந்த நாள் தொடங்கி முடிவு கைக்கு வரும் நாள் வரை கடக்கும் காலமே நேர்முகத்துக்குப் பிந்திய காத்திருப்பு. இலங்கையிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கான நேர்முகம் கொழும்பு கொள்ளுப்பிட்டியில், காலி வீதியிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நடைபெறுகிறது. திருகோணமலை நகரத்தவரும், மூதூர், கிண்ணியா, குச்சவெளி, வெருகல் பகுதியினரும் இரவு ரயிலிலோ பஸ்ஸிலோ கொழும்புக்குப் போயே இதை முடிக்க வேண்டும். பலருக்கு அன்றைக்கே சாதகமான பதில் கிடைத்துவிடுகிறது. மற்றவர்களுக்குக் காத்திருப்பு சில வாரங்களில் தீரலாம், ஆண்டுக்கணக்கிலும் நீளலாம். எந்தக் காரணத்தால் கோப்பு நிற்கிறது என்பதைப் பொறுத்தே காலமும் செய்ய வேண்டிய வேலையும் அமைகின்றன.

சட்டத்தின் பார்வையில் தூதரக அதிகாரிக்கு இரண்டு வழிகளே உண்டு: விசாவைக் கொடுப்பது, அல்லது மறுப்பது. இடைநிலை என்று ஒன்று இல்லை. ஆகவே “காத்திருங்கள்” என்று சொல்லப்பட்டவர், 1952ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் தேசிய இனச் சட்டத்தின் 221(ஜி) பிரிவின்படி மறுக்கப்பட்டவராகவே பதிவாகிறார். இணையத்தில் கோப்பின் நிலையைப் பார்க்கும்போது ‘மறுக்கப்பட்டது’ என்று தெரிவதைக் கண்டு குடும்பங்கள் கலங்கிப்போவது வழமை. இது பெரும்பாலும் இறுதி மறுப்பு அல்ல. இருந்தாலும், பிற்காலத்தில் நிரப்பும் அமெரிக்க விசா விண்ணப்பங்களில் “முன்னர் விசா மறுக்கப்பட்டதா?” என்ற கேள்விக்கு இதையும் சேர்த்தே பதிலளிக்க வேண்டும்.

221(ஜி)யின் கீழ் வரும் காத்திருப்பு இரு வகைப்படும். ஒன்று, ஆவணம் குறைவதால் வருவது. மற்றது, நிர்வாகப் பரிசீலனை எனப்படும் உள்விசாரணையால் வருவது. முதல் வகையில் பந்து விண்ணப்பதாரரின் பக்கம் இருக்கிறது. கேட்ட ஆவணத்தை ஓராண்டுக்குள் கொடுக்காவிட்டால் விண்ணப்பம் காலாவதியாகி, மீண்டும் கட்டணம் கட்டித் தொடங்க நேரிடும். இரண்டாவது வகையில் விண்ணப்பதாரர் செய்யக்கூடியது மிகக் குறைவு. நேர்முகத்தின் முடிவில் கையில் தரப்படும் தாளில் எந்த வகை என்று குறிக்கப்பட்டிருக்கும். அந்தத் தாளைக் கவனமாக வாசிக்காமல், ஆவணத்துக்காகக் காத்திருக்கும் தூதரகத்திடமிருந்து தானாகவே செய்தி வரும் என்று மாதக்கணக்கில் இருந்துவிடுபவர்களே காலத்தை வீணாக இழக்கிறார்கள்.

திருகோணமலை மாவட்டத்தில் ஆவணக் குறை ஏற்படுவதற்கு மாவட்டத்தின் வரலாறே பெருங்காரணம். 1985இலும் 1990இலும் நடந்த வன்முறைகளில் ஊர்கள் இடம்பெயர்ந்தன. 2004 டிசம்பர் 26 அன்று வந்த கடற்கோள் கரையோர வீடுகளோடு அலுமாரிகளில் இருந்த பத்திரங்களையும் கொண்டுபோனது. 2006இல் சம்பூர், மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்று மக்கள் மறுபடியும் ஓடினர். சம்பூர் மக்களில் பலர் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் 2015க்குப் பின்னர் மீள்குடியேறும் வரை இருந்தார்கள். இத்தகைய குடும்பத்தில் பிறந்த ஒருவருக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் மிகக் காலந்தாழ்த்திப் பதியப்பட்டதாக இருக்கலாம். அல்லது பதிவு கிடைக்காததால் அனுமான வயதுச் சான்றிதழ் மட்டுமே இருக்கலாம். பிறந்து பல ஆண்டுகள் கழித்துச் செய்யப்பட்ட பதிவை அதிகாரி துணை ஆதாரம் இல்லாமல் ஏற்பதில்லை. பாடசாலை அனுமதிப் பதிவு, ஞானஸ்நானச் சான்று, தாயின் மகப்பேற்று அட்டை, முகாம் பதிவு, பழைய குடும்ப அட்டை போன்றவை அப்போது துணைக்கு வருகின்றன. பதிவுப் பிரதியைப் பெறப் பிறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தை நாட வேண்டும். நகரத்தில் பிறந்தவருக்கு அது திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். தாளால் தீராத இடத்தில் பெற்றோர்–பிள்ளை உறவை நிறுவ மரபணுச் சோதனை செய்யுமாறு தூதரகம் ஆலோசனை கூறலாம். அதற்கு அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்தை மனுதாரர், அதாவது உறவினருக்காக அமெரிக்காவிலிருந்து மனுச் செய்தவர், அமர்த்த வேண்டும். முடிவு நேரே தூதரகத்துக்குப் போகும்.

தமிழகத்துக்கு அகதியாகச் சென்று திரும்பியோரின் நிலை இன்னும் சிக்கலானது. இந்த மாவட்டத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் மன்னார் வழியாக மண்டபம் சென்று பின்னர் பல முகாம்களில் வாழ்ந்திருக்கிறார்கள். முகாமில் பிறந்த பிள்ளைக்கு இந்தியப் பிறப்புச் சான்றிதழும், இலங்கைப் பிரஜை என்பதற்கான பதிவும் வேறு வேறு இடங்களில் இருக்கும். பதினாறு வயதுக்குப் பின் ஓராண்டோ அதற்கு மேலோ வாழ்ந்த வெளிநாட்டிலிருந்து பொலிஸ் சான்றிதழ் வேண்டும் என்பது அமெரிக்க விதி. இதனால் தமிழகத்தில் வாழ்ந்தவர் இந்தியப் பொலிஸ் சான்றிதழையும், வேலைக்காக மத்திய கிழக்கில் இருந்தவர் அந்தந்த நாட்டின் சான்றிதழையும் தேட வேண்டியிருக்கிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் வளைகுடா வேலைக்குப் போய் வராத குடும்பம் அரிது என்பதால், இந்த ஒரு தாளுக்காக நிற்கும் கோப்புகள் அங்கே சாதாரணம். இலங்கையில் உள்ள காலத்துக்கான அறிக்கையைப் பொலிஸ் தலைமையகம் கொழும்பில் வழங்குகிறது. கடற்படையிலோ இராணுவத்திலோ சேவை செய்தவர் சேவைப் பதிவையும் கொடுக்க வேண்டும். கடற்படைத் தளமும் துறைமுகமும் உள்ள ஊருக்கு இது சிறிய விடயமல்ல.

பெயர்க் குழப்பம் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று. தமிழ் வழக்கில் தந்தையின் பெயர் முன்னால் வந்து முதலெழுத்தாகச் சுருங்கும். அமெரிக்கப் படிவத்திலோ குடும்பப் பெயர் ஓர் இடம், சொந்தப் பெயர் ஓர் இடம். தந்தையின் பெயரே குடும்பப் பெயர்க் கட்டத்துக்குள் போவதால், கணவனுக்கு ஒரு குடும்பப் பெயர், மனைவிக்கு வேறு, பிள்ளைக்கு மூன்றாவது. பிறப்புப் பத்திரத்தில் தமிழில் எழுதப்பட்ட பெயரை அடையாள அட்டையில் ஒருவரும் கடவுச்சீட்டில் இன்னொருவரும் ஆங்கிலத்தில் ஒலிபெயர்த்தபோது எழுத்துகள் மாறியிருக்கும். ஆங்கிலத்தில் இல்லாத ஆவணத்துக்கு மொழிபெயர்ப்பு இணைக்கும்போது, மொழிபெயர்ப்பாளர் இடும் எழுத்துக்கூட்டல் மூன்றாவது வேறுபாட்டைச் சேர்க்கிறது. இவையனைத்தும் ஒரே ஆள் என்பதை நிறுவும் சத்தியக் கடதாசியை நேர்முகத்துக்கு முன்பே வைத்திருப்பவர்களுக்கு ஒரு காத்திருப்புக் காலம் மிச்சமாகும். திருமணப் பதிவிலும் ஆவணச் சிக்கல் உண்டு. போர்க்காலத்தில் கோயிலில் தாலி கட்டி, பதிவை ஒத்திவைத்த சோடிகள் ஏராளம். பிந்திப் பதிந்த விவாகத்தின் திகதி பிள்ளையின் பிறந்த திகதிக்குப் பின்னால் வரும்போது அதிகாரி கேள்வி கேட்பார்.

மருத்துவப் பரிசோதனையைத் தூதரகம் நியமித்த கொழும்பு மருத்துவர்களிடமே செய்ய வேண்டும். நெஞ்சுப் படத்தில் காசநோய்ச் சந்தேகம் வந்தால் சளியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் செல்லும். நோய் இருந்தால் சிகிச்சை முடியும் வரை காத்திருக்க வேண்டும். பரிசோதனை பொதுவாக ஆறு மாதத்துக்கே செல்லுபடியாகும். வேறு காரணத்தால் கோப்பு நீண்டு நின்றால் அதையும் மறுபடி செய்து, கட்டணத்தையும் மறுபடி கட்ட நேரிடும். அமெரிக்காவிலுள்ள மனுதாரரின் வருமானம் வறுமைக் கோட்டின் 125 வீதத்தை எட்டாவிட்டால் இணைப் பிணையாளர் ஒருவரைத் தேட வேண்டும்; இது ஒப்பீட்டளவில் விரைவில் தீரும் தடை.

மிக நீண்டதும் மிகக் கொடியதுமான காத்திருப்பு பாதுகாப்பு விசாரணையால் வருவது. தமிழீழ விடுதலைப் புலிகளை அமெரிக்கா 1997 அக்டோபர் 8 அன்று வெளிநாட்டுப் பயங்கரவாத இயக்கமாக அறிவித்தது. அத்தகைய இயக்கத்துக்குப் பொருளுதவி செய்தவர் அமெரிக்காவுக்குள் அனுமதிக்கப்படத் தகுதியற்றவர் என்கிறது சட்டம். பணம், உணவு, தங்குமிடம், வாகனம் எல்லாம் பொருளுதவியில் அடங்கும். குறைந்தபட்சத் தொகை எதுவும் குறிக்கப்படவில்லை. 2006 செப்டம்பர் 4 அன்று இராணுவம் கைப்பற்றும் வரை சம்பூர் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது; ஈச்சிலம்பற்றும் அக்காலத்தில் அவர்களின் கட்டுப்பாட்டிலேயே இருந்தது. அங்கே வயல் செய்தவர், மீன் பிடித்தவர், கடை வைத்திருந்தவர் வரி கொடுக்காமல் வாழ்ந்திருக்க முடியாது. அச்சத்தில் கொடுத்தவரையும் விரும்பிக் கொடுத்தவரையும் ஒரே சொல்லால் அளக்கும் இந்தப் பிரிவு, போருக்குள் அகப்பட்ட குடிமக்களுக்கு நேர்ந்த அநீதி. வற்புறுத்தலுக்குச் சட்டத்துக்குள் இயல்பான விதிவிலக்கு இல்லை என்று அமெரிக்காவின் ஒன்பதாம் சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் நிர்வாகத்துக்கு விலக்களிக்கும் அதிகாரம் உண்டு. வற்புறுத்தப்பட்டுச் செய்த உதவி தொடர்பில் அந்த அதிகாரம் 2007 முதல் பயன்படுத்தப்பட்டு வருகிறது. அது உரிமை அல்ல, ஒவ்வொரு வழக்காகப் பார்த்து வழங்கப்படும் தயவு. கொழும்பில் முடிவெடுக்க முடியாது, வொஷிங்டனிலிருந்து பதில் வர வேண்டும். இதனால்தான் சம்பூரிலோ வெருகலிலோ பிறந்தவரின் கோப்பு நகரத்தவரின் கோப்பைவிட நீண்ட காலம் நிற்க நேரிடுகிறது.

நேர்முகத்தில் புலிகளுக்குக் கொடுத்த உதவி குறித்துக் கேட்கப்படும்போது யார் கேட்டார்கள், எப்போது, எவ்வளவு, மறுத்தால் என்ன நடக்கும் என்று எச்சரிக்கப்பட்டது என்பவற்றை உள்ளபடி சொல்வதே பாதுகாப்பு. பொய் சொல்லிப் பிடிபட்டால், அந்தத் திரிப்பே வாழ்நாள் தடைக்குத் தனிக் காரணமாகிவிடும். 2017 முதல் சிலரிடம் டிஎஸ்-5535 என்ற மேலதிகப் படிவமும் நிரப்பக் கேட்கப்படுகிறது. பதினைந்து ஆண்டுகளின் முகவரிகள், வேலைகள், பயணங்கள், அவற்றுக்கான பணம் வந்த வழி ஆகியவற்றை அது கேட்கும். முகாமிலிருந்து முகாமுக்கு அலைந்தவரால் அந்தக் கட்டங்களை நிரப்புவது எளிதல்ல. கிராம சேவகரிடமிருந்து பெறும் வதிவிடச் சான்றுகள் அங்கே பெறுமதி மிக்கவை.

எல்லாம் சரியாக இருந்தும் விசா இலக்கம் கிடைக்காமல் நிற்பதும் உண்டு. அமெரிக்கப் பிரசையின் கணவன், மனைவி, பெற்றோர், 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளை ஆகியோருக்கு ஆண்டு உச்சவரம்பு இல்லை. சகோதரர்களுக்கு உண்டு. இலங்கை, தனி வரிசை உள்ள இந்தியா போன்ற நாடுகளோடு சேராமல் பொது வரிசையில் இருந்தும், சகோதர மனுவுக்கு முறை வர 15 ஆண்டுகளுக்கு மேலாகிறது. 2006இல் ஊரை விட்டு ஓடியபோது அமெரிக்காவிலிருந்த அண்ணன் பதிந்த மனுவுக்கு 2020ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே முறை வந்தது. அப்போது கொரோனாவால் 2020 மார்ச்சில் தூதரகச் சேவைகள் நிறுத்தப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரலில் வந்த சனாதிபதிப் பிரகடனம் பெரும்பாலான குடும்ப விசாக்களை 2021 பெப்ரவரி வரை தடுத்தது. இத்தனை ஆண்டுகளில் பிள்ளைகள் 21ஐத் தாண்டுவார்கள். 2002ஆம் ஆண்டின் பிள்ளை நிலைப் பாதுகாப்புச் சட்டம், மனு அலுவலகத்தில் ஆய்வுக்குக் கிடந்த காலத்தைப் பிள்ளையின் வயதிலிருந்து கழிக்கிறது. 4 ஆண்டு கிடந்திருந்தால், முறை வந்த நாளில் 24 வயதானவர் 20 வயதினராகக் கொள்ளப்படுவார். ஆனால் அவர் மணமாகாதவராக இருக்க வேண்டும். முறை வந்த ஓராண்டுக்குள் கோரிக்கை வைத்திருக்கவும் வேண்டும். மனு செய்த சகோதரர் இடையில் இறந்துவிட்டால் மனு தானாகவே ரத்தாகும். மனிதாபிமான அடிப்படையில் அதை மீட்கக் கோரலாம். குலுக்கல் முறையில் வழங்கப்படும் விசாவுக்குத் தெரிவானவருக்கோ காத்திருக்க அவகாசமே இல்லை. அந்த நிதியாண்டு முடியும் செப்டம்பர் 30க்குள் விசா கைக்கு வராவிட்டால் வாய்ப்பு போய்விடும். கோப்பு எந்தக் கட்டத்தில் இருந்தாலும் அடுத்த ஆண்டுக்கு நகராது.

ஏற்கெனவே அமெரிக்காவுக்குச் சென்று புகலிடம் பெற்ற திருகோணமலைத் தமிழர் அங்கேயே நேர்முகம் கொடுக்கிறார்கள். புகலிடம் பெற்றோரில் ஆண்டுக்கு 10,000 பேருக்கே நிரந்தர வதிவு அட்டை (கிரீன் கார்ட்) என்ற வரம்பு 2005 மே மாதம் நீக்கப்படும் வரை, அவர்கள் வரிசையில் பல ஆண்டுகள் நின்றார்கள். பின்னர் கூட்டாட்சிப் புலனாய்வுப் பணியகத்தின் (எஃப்பிஐ) பெயர்ச் சோதனை தடையாக இருந்தது. 180 நாளுக்கு மேல் தாமதமானால் அதற்காகக் காத்திராமல் அனுமதிக்கலாம் என்ற அறிவுறுத்தல் 2008 பெப்ரவரியில் வந்தது. அமெரிக்காவுக்குள் இருப்பவர் நியாயமற்ற தாமதத்துக்கு எதிராக அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடலாம். கொழும்பில் எடுக்கப்படும் விசா முடிவை நீதிமன்றங்கள் பொதுவாக மீளாய்வு செய்வதில்லை. தம் துணைக்கு விசா மறுக்கப்பட்டதை எதிர்ப்பதற்கான அரசியலமைப்பு உரிமை அமெரிக்கப் பிரசைக்கும் இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் தீர்ப்பளித்தது. முடிவே எடுக்காமல் இழுத்தடிப்பதற்கு எதிராக மட்டும் மனுதாரர்கள் வழக்குத் தொடர்கிறார்கள். அதற்கு முன், மனுதாரர் வாழும் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகம் வழியாகத் தூதரகத்திடம் விசாரிப்பது செலவில்லாத வழி.

அனுமதி கிடைத்ததும் கடவுச்சீட்டில் ஒட்டப்படும் குடிவரவு விசா அதிகபட்சம் ஆறு மாதத்துக்குச் செல்லும். மருத்துவப் பரிசோதனையின் காலம் முன்னதாக முடிந்தால் விசாவும் அத்தோடு முடியும். அதற்குள் அமெரிக்காவை அடைய வேண்டும். விமான நிலையத்தில் முத்திரை இடப்பட்ட அந்த விசாவே ஓராண்டுக்கு நிரந்தர வதிவுக்கான தற்காலிக ஆதாரம். குடிவரவுக் கட்டணம் கட்டியவருக்கு அட்டை அங்குள்ள முகவரிக்குத் தபாலில் வருகிறது. திருமணமாகி இரண்டு ஆண்டு நிறையாமல் நுழைந்த கணவனுக்கோ மனைவிக்கோ கிடைப்பது இரண்டாண்டு நிபந்தனை அட்டை. அது முடிவதற்கு முந்திய 90 நாளுக்குள் நிபந்தனையை நீக்கக் கோரி இருவரும் சேர்ந்து மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.