நீரிழிவுச் செவிலியம்

நீரிழிவு உள்ளவர்களின் சர்க்கரை அளவைக் கண்காணித்தல், இன்சுலின் செலுத்துதல், உணவு, ஊசி, கால் பராமரிப்பு ஆகியவற்றை அவர்களுக்குக் கற்றுத்தருதல் ஆகிய பணிகளைக் கொண்ட செவிலியத் துறை. நாளமில்லாச் சுரப்பி நோய்களுக்கான செவிலியத்தில் இதுவே மிகப் பெரிய பிரிவு. நீரிழிவை ஆராய்ந்தவர்களின் வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டது. கண்டுபிடித்த மருந்து வேளை தவறாமல், அளவு பிசகாமல் நோயாளியின் உடலுக்குள் போகச் செய்தவர்கள் செவிலியர்கள். அவர்களுடைய பெயர்கள் நூல்களில் அரிதாகவே இடம்பெறுகின்றன.

இன்சுலினுக்கு முன்

சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு மதுமேகத்தை அறிவது இந்திய வைத்தியத்தில் மிகப் பழைய வழக்கம். அந்த இனிப்பு சர்க்கரைதான் என்பதை 1776இல் லிவர்பூல் மருத்துவர் மேத்யூ டாப்சன், சிறுநீரை வற்றக் காய்ச்சிக் காட்டினார். 1889இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் நாய் ஒன்றின் கணையத்தை அகற்றியபோது அதற்கு நீரிழிவு வந்தது. நோயின் இருப்பிடம் தெரிந்துவிட்டது, மருந்துதான் இல்லை.

மருந்தில்லாத அந்தக் காலத்தில் அமெரிக்க மருத்துவர் பிரெடெரிக் ஆலன் பட்டினி வைத்தியத்தைக் கையாண்டார். சிறுநீரில் சர்க்கரை அற்றுப்போகும்வரை உணவைக் குறைப்பது, பிறகு கிராம் கணக்கில் கூட்டிப் பார்ப்பது என்பதே அந்த முறை. மாவுச்சத்து நீங்கக் காய்கறியை மூன்று முறை வேகவைத்து நீரை வடித்ததும், ஒவ்வொரு கவளத்தையும் தராசில் நிறுத்துக் கொடுத்ததும், பசி பொறுக்காத குழந்தைகள் எதையும் எடுத்துத் தின்றுவிடாமல் காவல் இருந்ததும் செவிலியர்களே. அமெரிக்க அமைச்சர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத்துக்கு பிளாஞ்ச் என்னும் தனிச் செவிலியர் இருந்தார். அந்தச் சிறுமி 1922 ஆகஸ்டில் இன்சுலின் சிகிச்சைக்காக டொராண்டோ போய்ச் சேர்ந்தபோது எடை 20 கிலோதான். வயது 15 ஆகச் சில நாட்களே இருந்தன. கொடுமையான வைத்தியம் என்று இன்று சொல்வது எளிது. ஆனால் அந்தத் தராசுக் கணக்குதான் அவளை இன்சுலின் வரும்வரை உயிரோடு வைத்திருந்தது. அவள் 1981வரை வாழ்ந்தாள்.

இன்சுலினும் கற்பித்தலும்

1922 ஜனவரி 11 அன்று டொராண்டோ பொது மருத்துவமனையில் 14 வயது லியோனார்ட் தாம்சனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அந்த மருந்தில் தூய்மை போதவில்லை. இன்சுலின் ஆய்வுக் குழுவைச் சேர்ந்த காலிப் தூய்மைப்படுத்திய மருந்து ஜனவரி 23 அன்று கொடுக்கப்பட்டபோதுதான் பலன் தெரிந்தது. அதே குழுவின் பான்டிங்கும் மெக்லியோடும் இன்சுலினுக்காக அடுத்த ஆண்டே நோபல் பரிசு பெற்றார்கள்.

பாஸ்டனில் மருத்துவர் எலியட் ஜாஸ்லின் தம் நோயாளிகளுள் முதன்முதலில் இன்சுலின் கொடுத்தது எலிசபெத் மட்ஜ் என்பவருக்கு, 1922 ஆகஸ்ட் 7 அன்று. எலும்பும் தோலுமாக வீட்டோடு முடங்கிக் கிடந்த அவர் ஒரு செவிலியர். சில வாரங்களில் எழுந்து நடமாடத் தொடங்கினார்.

ஜாஸ்லினின் பெரிய பங்களிப்பு வேறொன்று. இன்சுலின் கொடுத்தால் உயிர் பிழைக்கும். ஆனால் அதை நாள்தோறும், வாழ்நாள் முழுவதும், வீட்டில் வைத்தே போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் மருத்துவர் போக முடியாது. எனவே அவர் செவிலியர்களுக்குத் தனிப் பயிற்சி அளித்து நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பினார். கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிக்கவைப்பது, மருந்தைக் குமிழி இல்லாமல் இழுப்பது, ஊசி போட்ட இடத்திலேயே மறுபடி போடாமல் மாற்றிப் போடுவது, ஊசி போட்டபின் சாப்பிடாமல் இருந்தால் வரும் வியர்வையையும் நடுக்கத்தையும் அடையாளம் கண்டு உடனே சர்க்கரை எடுத்துக்கொள்வது என எல்லாவற்றையும் அந்தச் செவிலியர்கள் அடுக்களையில் உட்கார்ந்தே சொல்லிக்கொடுத்தார்கள். செவிலியர் ஆசிரியரானது இங்கேதான். இந்தத் துறையின் உண்மையான தொடக்கம் இன்சுலின் அல்ல, இந்தப் பாடம் என்றே சொல்லவேண்டும். பிரிட்டனில் 1950 வாக்கில் லெஸ்டர் நகரில் டாக்டர் ஜோன் வாக்கர், வீடு வீடாகச் செல்லும் சுகாதாரச் செவிலியர்களை நீரிழிவுக்கென்றே அமர்த்தினார். அமெரிக்காவில் நீரிழிவுக் கல்வியாளர்களுக்கான சங்கம் 1973இல் அமைந்தது.

சோதனைக் குழாயிலிருந்து சொட்டு ரத்தத்துக்கு

1908 வாக்கில் ஸ்டான்லி பெனடிக்ட் உருவாக்கிய நீலக் கரைசலில் சிறுநீரைச் சோதிப்பது, அரை நூற்றாண்டுக்கு மேல் வார்டுச் செவிலியரின் அன்றாட வேலையாக இருந்தது. சோதனைக் குழாயில் 5 மில்லி கரைசல், 8 சொட்டுச் சிறுநீர், ஸ்பிரிட் விளக்கில் கொதி. நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் இன்னும் கொஞ்சம், ஆரஞ்சுக்கு மேலே போய்ச் செங்கல் நிறம் வந்தால் மிக அதிகம். நிறத்துக்கு இத்தனை யூனிட் என்று அட்டவணை போட்டு அதன்படி இன்சுலின் கொடுப்பது பல மருத்துவமனைகளில் நடைமுறையாக இருந்தது. நிறத்தைச் சரியாகச் சொல்ல அனுபவம் வேண்டும். அந்த அனுபவம் செவிலியரிடம் இருந்தது.

இந்த முறையில் ஓர் அடிப்படைக் கோளாறு உண்டு. ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். குழாய் நீலமாகவே இருந்தால் நோயாளிக்குச் சர்க்கரை சரியாக இருக்கிறதா, அபாயமாகத் தாழ்ந்துவிட்டதா என்று சொல்ல வழியில்லை. 1960களின் நடுவில் வந்த டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ் பட்டை இதை மாற்றியது. விரல் நுனி ரத்தத்தைப் பட்டையில் வைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, நீரில் கழுவி, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். 1970களின் தொடக்கத்தில் அந்த நிறத்தைப் படிக்கும் கருவியும் வந்தது. ஒரு கிலோவுக்கு மேல் எடை, மின்சாரமும் வேண்டும். அதன் வாரிசுதான் இன்று கைக்குள் அடங்கும் குளுக்கோமீட்டர். சோதனை நோயாளியின் கைக்கே போனதும் செவிலியரின் வேலை குறையவில்லை. எண்ணைப் பார்ப்பது யாராலும் முடியும். அந்த எண்ணுக்கு என்ன செய்வது என்பதே கேள்வி.

1983 முதல் 1993 வரை வட அமெரிக்காவில் 1,441 பேரிடம் நடந்த டிசிசிடி ஆய்வு, சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் முதல்வகை நீரிழிவில் கண், சிறுநீரக, நரம்புப் பாதிப்புகள் வெகுவாகக் குறையும் என்று நிறுவியது. ஒரு நாளில் மூன்று, நான்கு ஊசிகள், அடிக்கடி தொலைபேசி வழிகாட்டல் என அந்த ஆய்வைத் தோளில் சுமந்தவர்கள் அதன் ஒருங்கிணைப்புச் செவிலியர்கள். இறுக்கம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதும் பிறகு தெரிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சர்க்கரையை 81 முதல் 108 மில்லிகிராமுக்குள் வைப்பது இறப்பைக் கூட்டியது என்று 2009இல் வெளியான நைஸ்-சுகர் ஆய்வு காட்டியது. மணிக்கொரு முறை ரத்தம் எடுத்து இன்சுலின் சொட்டைக் கூட்டிக் குறைத்த செவிலியர்களுக்கு அது இலக்கு மாறிய ஆண்டு.

பாதமும் பிற சுரப்பிகளும்

கால் பராமரிப்பின் வரலாற்றில் வேலூருக்குத் தனி இடம் உண்டு. கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்களுக்குக் காரணம் சதை அழுகுவது அல்ல, உணர்வில்லாத பாதத்தில் ஒரே இடத்தில் விழும் அழுத்தமே என்று கண்டறிந்தார். 1960களில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபின், அதே பாடம் நீரிழிவுப் பாதத்துக்கும் பொருந்தியது. இன்று செவிலியர் நோயாளியின் பாதத்தில் தொட்டு உணர்வைச் சோதிக்கும் 10 கிராம் நைலான் இழையின் வரலாற்றிலும் கார்விலுக்குப் பங்குண்டு.

மற்ற சுரப்பி நோய்களில் செவிலியரின் கண்காணிப்பு சில மணி நேரத்தில் உயிரைக் காப்பதாக அமையும். தைராய்டு அறுவைக்குப் பின் கால்சியம் தாழ்ந்தால், ரத்த அழுத்தப் பட்டையைக் கையில் சில நிமிடம் இறுக்கி வைத்தாலே விரல்கள் குவிந்து இழுத்துக்கொள்ளும். அதற்காகக் கால்சியம் ஊசி படுக்கையருகே தயாராக இருக்கும். நீண்டநாள் ஸ்டீராய்டு எடுத்தவர் அதைத் திடீரென நிறுத்தக் கூடாது என்று எச்சரிப்பதும், பிறந்த குழந்தையின் குதிகாலில் துளி ரத்தம் எடுத்துத் தைராய்டுக் குறையைக் கண்டறிய உதவுவதும் இப்பணியில் அடங்கும்.

தமிழ்நாட்டில்

1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் மோ. விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். கர்ப்பகால நீரிழிவுக்கு டாக்டர் வீ. சேஷய்யா முன்னின்று பரப்பிய முறை செவிலியர்களுக்கு வசதியானது: சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும், 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் உண்டு. வெறும் வயிற்றோடு கர்ப்பிணியை மறுநாள் வரச் சொல்லும் தொல்லை இதில் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுகளுக்கே போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள்.

இந்தியச் செவிலியர் கவனமாக இருக்கவேண்டிய ஒரு சிக்கல் இன்னும் தீரவில்லை. இங்கே இன்சுலின் குப்பிகள் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரு செறிவுகளில் கிடைக்கின்றன. 40க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கானதற்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 100 யூனிட் மருந்தை 10 வரை இழுத்தால் உடலுக்குள் போவது 25 யூனிட். ஆரஞ்சில் 40 யூனிட் மருந்தை 10 வரை இழுத்தால் போவது 4 யூனிட் மட்டுமே. வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் குப்பியில் அச்சிட்டுள்ள எண்ணையும் சிரிஞ்சின் மூடியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.