கட்டுக்கரையைக் கட்டிய கரங்கள்

ஈழத்துக் குளங்களைப் பற்றிய நூல்களைப் புரட்டுவோர் முதலிற் காண்பன அரசர்களின் பெயர்களே. அணைக்கு மண் சுமந்தவர் யார்? துருசைக் காத்து நின்றவர் யார்? மாரி இரவிலே கட்டு உடைப்பெடுத்தபோது மண்வெட்டியோடு ஓடியவர் யார்? இவ்வினாக்களுக்கு அந்நூல்கள் விடை கூறுவதில்லை. மன்னார்ப் பெருநிலப் பரப்பிலுள்ள கட்டுக்கரைக் குளத்தை முன்வைத்து அவ்வினாக்களை நாம் எழுப்பிப் பார்ப்போம்.

இக்குளத்துக்கு உயிர்கொடுப்பது அருவியாறு. சிங்கள மக்கள் அதனை மல்வத்து ஓயா என்பர். மகாவம்சம் கடம்ப நதி என்கிறது. 164 கிலோமீற்றர் நீளமான இவ்வாறு, மகாவலிக்கு அடுத்த பெரிய நீளமுடையது. றிட்டிகல மலைப்பகுதியில் ஊற்றெடுத்து, அநுராதபுரத்தைத் தழுவி, வன்னிக் காடுகளினூடே மன்னார்க் கடலை அடைகிறது. தேக்கம் என்னுமிடத்தில் பண்டைக் காலத்துக் கல்லணையொன்று ஆற்றை மறித்து, நீரின் ஒரு பகுதியை வாய்க்கால் வழியே கட்டுக்கரைக்குத் திருப்புகிறது. மேற்கரையிலே சிங்கள உழவன். கீழ்க்கரையிலே தமிழ் உழவனும் முஸ்லிம் உழவனும். இந்நாட்டை இனவாரியாகக் கூறுபோட விழைவோர் இவ்வாற்றின் போக்கை ஒருமுறை நோக்கட்டும்.

கட்டுக்கரையைச் சிங்களத்தில் 'யோத வெவ' என்பர். ஆங்கிலேயரும் அதையொட்டி இராட்சதர் குளம் என்றே பெயரிட்டனர். மனிதக் கரங்களால் ஆகாத காரியமென்ற மலைப்பே இப்பெயருக்குக் காரணம் போலும். ஆனால் குடியேற்ற ஆட்சியின் அறிஞர் எல்லோரும் மலைத்து நிற்கவில்லை. 1859இல் வெளிவந்த தமது நூலிலே எமேர்சன் ரெனன்ற், மட்டங்களைப் பிழையாகக் கணித்ததனால் பயன்படாதுபோன முயற்சியென இக்குளத்தைக் கருதினார். பின்னர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் பார்க்கர் நிலத்தை அளந்து ஆராய்ந்தபோது பண்டையோரின் கணக்கில் பிழையில்லையென்பது தெளிவாயிற்று. அந்நூற்றாண்டின் இறுதியிலே குளம் புனரமைக்கப்பட்டது, நீரும் நின்றது. பெயரறியாத உழைப்பாளரின் அறிவுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அவ்வாறாயின் குளங்கள் பாழடைந்தது ஏன்? போரும் நோயும் குடிபெயர்வும் காரணங்களே. எனினும் ஆங்கிலேயர் ஆட்சிக்கும் அதிலே பங்குண்டு. 1832இல் இராசகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. அது நல்லதே, அடிமைத்தனத்தின் அழகைப் பாடுவோரல்லோம் நாம். ஆனால் குளத்துக்கு மண்போட ஊரைக் கூட்டிய பழைய ஒழுங்கு தளர்ந்தபோது, அதனிடத்திலே புதிய ஒழுங்கொன்றை ஆட்சியாளர் உடனே அமைக்கவில்லை. அவர்கள் கவனமெல்லாம் கோப்பித் தோட்டங்களிலே இருந்தது. அத்தோட்டங்களுக்காக மன்னார்க் கரையில் வந்திறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர், வறண்ட இக்காடுகளினூடே மாத்தளையை நோக்கிக் கால்நடையாகச் சென்றனர். பசியாலும் நோயாலும் வழியிலே மடிந்தோர் பலர். குளங்களைக் கைவிட்ட அதே ஆட்சியின் மறுபக்கம் இது. 1856இன் நீர்ப்பாசனச் சட்டம் பழைய வழக்கங்களுக்கு மீண்டும் உயிரூட்ட முயன்றது. ஆயினும் நெல்வரி 1892 வரை உழவனின் முதுகை விட்டு இறங்கவில்லை.

பழைய வழக்கங்களிலே நாம் பேணத்தக்கவையும் உண்டு. வறட்சிக் காலத்தில் குளக்கட்டை அடுத்த வயலை மட்டும் எல்லோருக்குமாகப் பங்கிட்டு விதைப்பதைச் சிங்களக் கிராமங்கள் 'பெத்ம' என்றன. நீர் குறைந்தால் எல்லோருக்கும் குறைவு என்பதே அதன் நீதி. ஆனால் பங்குடையவனுக்கே அந்த நீதி கிடைத்தது. காணியில்லாத கூலியாளும் குத்தகைக்குச் செய்தவனும் வெளியிலேதான் நின்றனர். 1958இல் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், குத்தகையாளனுக்குப் பாதுகாப்பளித்துப் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைக்க முற்பட்டபோது, நிலவுடைமையாளர் அதனை எவ்வளவு கடுமையாக எதிர்த்தனர் என்பது வரலாறு.

பின்னர் வந்த போர் இக்கரைகளை வெறுமையாக்கிற்று. 1990 ஒக்டோபரில் ஆற்றின் தென்கரையிலுள்ள முசலி முஸ்லிம்கள் உட்பட வடபுலத்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். போரின் இறுதி ஆண்டுகளிலே மன்னார்ப் பெருநிலத்துத் தமிழ்க் கிராமங்களும் இடம்பெயர்ந்தன. 2009இல் போர் முடிந்த பின்னரே அவர்கள் திரும்பத் தொடங்கினர். காடேறிய வயலையும் தூர்ந்த வாய்க்காலையும் அவர்களே மீண்டும் வெட்டித் திருத்தினர். அதைச் செய்தவர் அரசருமல்லர், இராட்சதருமல்லர்.

குளத்தைக் கட்டியவன் பெயர் கல்வெட்டிலில்லை என்று நாம் கவலைப்பட வேண்டியதில்லை. அக்குளத்து நீரிலே அவன் பேரனுக்குப் பங்குண்டா, வாய்க்காலின் கடைசி வயலுக்கும் நீர் எட்டுகிறதா என்பதே கேள்வி. தமிழனும் முஸ்லிமும் சிங்களவனும் ஒரே ஆற்றங்கரையில் நின்று அக்கேள்வியைச் சேர்ந்து கேட்கும் நாளிலேதான் கட்டுக்கரையின் உண்மையான வரலாறு எழுதப்படும்.